பிரேக் சுவிட்சில் ஒரு போர்வை ஊசி

அன்று காலை எங்கள் முற்றத்தில் ஜீப்பைச் சுற்றி இருந்தவர்கள் மூன்று பேர். என் கணவர் மொகெட்டே, பின் சக்கரத்துக்குப் பக்கத்தில், கவிழ்த்துப்போட்ட தீவன வாளியின் மேல், கையில் புளித்த கஞ்சிக் குவளையோடு. அவருடைய தங்கை லிபுவோ, முன் பம்பரின் மேல், வெயில் படும் பக்கமாக, காலை ஆட்டிக்கொண்டு. மூன்றாவது நான். நான் உட்கார்ந்திருக்கவில்லை. ஓட்டுநர் இருக்கைக்கு முன்னால், பெடல்களுக்கு அடியில் தலையை விட்டு, கால் இரண்டையும் கதவுக்கு வெளியே நீட்டி மல்லாந்து கிடந்தேன். ஒரு நாயும் இருந்தது. பக்கத்து வீட்டு நாய் என்பதால் கணக்கில் சேர்க்கவில்லை.

எங்கள் பகுதியின் ஈமச்சடங்குச் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். யார் வந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று சொல்லாமல் எனக்கு எதையும் தொடங்க வராது.

அந்த வாரம் புதன்கிழமையிலிருந்து எங்கள் ஜீப் காலையில் கிளம்பவில்லை. எங்கள் மலையூரான மொகோட்லோங்கில் அதை எல்லோரும் எருது என்றுதான் சொல்வார்கள். கிழட்டு வண்டி. கதவு ஒரு நிறம், பானட் வேறு நிறம். ஆனாலும் சானி கணவாயின் வளைவுகளில் புது வண்டிகள் நின்று மூச்சு வாங்கும் இடத்தில் அது முனகிக்கொண்டே ஏறிவிடும். அப்படிப்பட்ட எருதை அந்த வாரம் நான், லிபுவோ, போகிற வருகிறவர்கள் என்று எல்லோரும் சேர்ந்து தினமும் தள்ளினோம். பிரேக் விளக்கு அணையவே இல்லை என்பதுதான் காரணம். வண்டி சும்மா நின்றாலும் பின்னால் இரண்டு சிவப்பும் எரிந்துகொண்டே இருந்து பேட்டரியைக் குடித்துவிட்டன. வெள்ளிக்கிழமை மாலைதான் அவருக்குப் பேட்டரிக் கம்பியைக் கழற்றி வைக்கத் தோன்றியது.

எங்கள் மெக்கானிக் மாமனார் சாவுக்காகச் சமவெளிக்குப் போயிருந்தார். புது சுவிட்ச் ஒன்றைப் புதன்கிழமையே வாங்கி, கருவிப் பெட்டியில் துணி சுற்றி வைத்திருந்தார் என் கணவர். "மாட்ட வேண்டியதுதானே?" என்று கேட்டால், தன் கை பெரியது, உள்ளே போகாது என்றார். "அப்ப நான் மாட்டறேன்" என்றால், "திங்கக்கிழமை மெக்கானிக் வந்துருவாரு, நீ எதுக்கு அழுக்காகணும்?" என்றார். என் மேல் அழுக்குப் படுவதைப் பற்றி அவர் அதற்கு முன் கவலைப்பட்டு நான் பார்த்ததில்லை.

ஆகையால் சனிக்கிழமை காலை அவர் கஞ்சியோடு உட்கார்ந்த நேரம் பார்த்து டார்ச்சை எடுத்துக்கொண்டு உள்ளே புகுந்தேன். மெக்கானிக்குக்குப் பல தடவை விளக்குப் பிடித்திருக்கிறேன். எது எங்கே என்று எனக்குத் தெரியும்.

பிரேக் சுவிட்ச் ஒன்றும் பெரிய சமாசாரம் இல்லை. கட்டைவிரல் அளவு ஒரு மரையுள்ள குழாய். அதன் நுனியில் உள்ளே போய் வெளியே வரும் ஒரு குமிழ். பெடல் சும்மா இருக்கும்போது அதன் தண்டு குமிழை அமுக்கி வைத்திருக்கும், விளக்கு எரியாது. பிரேக்கை மிதித்தால் தண்டு விலகும், குமிழ் வெளியே வரும், பின்னால் சிவப்பு எரியும். அவ்வளவுதான்.

டார்ச் வெளிச்சத்தில் நான் பார்த்தது வேறு. சுவிட்சிலிருந்து வரும் இரண்டு ஒயர்களையும் சேர்த்துப் பிடித்து, இரண்டின் தோலையும் துளைத்து, ஒரு போர்வை ஊசி குத்தி மூடியிருந்தது. ஊக்கு போல மடங்கி மூடும், நடுவிரல் நீள ஊசி. தலைப்பக்கத்தில் மெல்லிய கம்பியால் சுற்றிக் கட்டிய மூன்று பச்சை மணிகள்.

எங்கள் மலைக்குளிரில் பெரும்பாலோருக்குப் போர்வைதான் மேலாடை. ஆண்கள் போர்வையைத் தோளில் குத்துகிறார்கள், வெறும் இரும்பு ஊசியால். மணி கட்டுவது பெண்கள். பெண்கள் குத்துவது மார்புக்கு முன்னால். இது பெண்ணின் ஊசி. என்னுடையது அல்ல. என்னுடையது என் கழுத்துக்குக் கீழே, அது இருக்க வேண்டிய இடத்தில், இருந்தது.

ஊசியைக் கழற்றி, கையை மட்டும் வெளியே நீட்டினேன்.

"லிம்போ அப்பா, இது என்ன?"

கஞ்சி உறிஞ்சும் சத்தம் நின்றது.

"ஊசி" என்றார்.

"ஊசின்னு தெரியுது. யாரோட ஊசி?"

"வண்டியோட ஊசி."

பம்பர் மேலிருந்து லிபுவோ குதித்து இறங்கினாள். "எருது எப்ப அண்ணா போர்வை போட ஆரம்பிச்சுது? குளிருதுன்னு என்கிட்ட சொல்லவே இல்லையே."

"நீ சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். காட்டுங்க அண்ணி. அடடா! பச்சை மணி. நல்லா கட்டியிருக்கா. யாரா இருந்தாலும் கை சுத்தம்."

"யாரா இருந்தாலும்" என்ற அந்த வார்த்தைதான் என்னைக் கீழேயிருந்து வெளியே இழுத்தது. எழுந்து, முதுகில் மண்ணோடு, அவர் எதிரில் போய் நின்றேன்.

"எப்ப குத்தினது?"

"செவ்வாக்கிழமை. கணவாய் மேல. லைட்டு செத்துப்போச்சு. யாரோ ஒருத்தர் குடுத்தாங்க."

"யாரோ ஒருத்தருக்குப் பேரு இருக்கும்ல?"

"வண்டி நெறைய ஆளு. யாருன்னு ஞாபகம் வச்சுக்கறது?"

இந்த இடத்தில் அவர் தவறு செய்தார். ஞாபகம் இல்லை என்று என்னிடம் சொல்லக்கூடாது. நான் ஒரு குச்சியை எடுத்து மண்ணில் ஜீப்பை வரைந்தேன். முன்சீட், பின்னால் எதிரெதிரே இரண்டு பெஞ்ச், கூரை மேல் மூட்டை.

"சொல்லுங்க. பின்னாடி வலது பெஞ்சு."

"அட, விடேன்."

"வலது பெஞ்சு."

"பாதிரியாரோட அக்கா."

"அவங்க கோட்டுப் போடறவங்க. போர்வையே கிடையாது. அடுத்தது?"

"மருந்து வாங்கப் போன ரெண்டு ஆட்டுக்காரங்க."

"ஆம்பளைங்க. எதிர் பெஞ்சு?"

"மலைக்கு அந்தப் பக்கத்துக் கைக்குழந்தைக்காரி. அவ மாமியா."

"கைக்குழந்தைக்காரி பிள்ளைய முதுகுல கட்டறதால ரெண்டு ஊசி குத்துவா. ரெண்டையும் நான் கோயில்ல பாத்திருக்கேன், மணி இல்ல. மாமியா கழுத்துல போர்வைய முடிச்சுதான் போடும். முன்சீட்டு?"

அவர் காலியான குவளையை வாயில் வைத்துக் குடித்தார்.

"அண்ணா, அதுல கஞ்சி தீந்துபோச்சு" என்றாள் லிபுவோ.

"தெபெல்லோ" என்றார் அவர், குவளைக்குள்.

தெபெல்லோ கம்பளி கத்தரிக்கும் கொட்டகையில் தரம் பிரிக்கிறவள். கம்பளியைக் கையில் எடுத்து, விரலால் பிரித்து, இது முதல் தரம், இது மூன்றாம் தரம் என்று பார்த்த மாத்திரத்தில் சொல்வாள். தலைநகரில் படித்து வந்தவள். கல்யாணம் ஆகவில்லை. ஆண்கள் போல ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு, அடுத்தவர் பேச்சு முடியும் முன்பே சிரிக்கிறவள்.

போர்வை ஊசியைக் கழற்றினால் போர்வை திறக்கும். இதை யாரும் எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

"சரி, நடந்தத சொல்லுங்க" என்றேன்.

அவர் சொன்னார். போன வாரமே கணவாய்ச் சாவடியில் காவலர் எச்சரித்திருந்தாராம்: அடுத்த தடவை பிரேக் விளக்கு எரியாவிட்டால் ஆட்களை இறக்கிவிட்டு, ஆளேற்றும் உரிமத்தை வாங்கிக்கொள்வோம் என்று. செவ்வாய்க்கிழமை மேலே மூடுபனி. சாவடிக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, அவர் பெடலை மிதிக்க, ஆட்டுக்காரர்களில் ஒருவர் பின்னால் நின்று பார்த்தார். எரியவில்லை. மறுபடி மிதித்தார். எரியவில்லை. இவர் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"அப்ப அவ கேட்டா, இந்த லைட்டு எதனால எரியுதுன்னு. சுவிட்சுன்னேன். சுவிட்சு என்ன பண்ணும்னா. ரெண்டு ஒயரையும் சேத்து வைக்கும்னேன். அவ்ளோதானான்னு கேட்டா. கேட்டுட்டு, ஊசியக் கழட்டி, குனிஞ்சு, ரெண்டையும் சேத்துக் குத்திட்டா. பின்னால இருந்து, 'எரியுது'ன்னு கத்தறான். சாவடில காவலர் 'பிரேக்க மிதி'ன்னாரு. மிதிச்சேன். எரியுது, போன்னுட்டாரு. காலை எடுத்தாலும் எரியும்னு அவரு பாக்கவே இல்ல!"

சொல்லும்போது அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்றைய சிரிப்பின் மிச்சம் அது. அந்த ஜீப்புக்குள் இரண்டு பேர் சேர்ந்து சிரித்திருக்கிறார்கள். அந்த இரண்டு சிரிப்பில் ஒன்றைத்தான் இப்போது நான் பார்க்கிறேன்.

"குனிஞ்சாளா?" என்றேன். "பெடல் உங்க காலுக்குக் கீழ இருக்கு."

"நான் காலை ஒதுக்கிக்கிட்டேன்."

"போர்வை?"

"அத... மீதி வழி முழுக்கக் கையால பிடிச்சுக்கிட்டு வந்தா."

"நீங்க பாத்துக்கிட்டே வந்தீங்க."

"நான் ரோட்டப் பாத்தேன். சானி இறக்கத்துல ரோட்டப் பாக்காம எவனாவது உயிரோட வந்திருக்கானா?"

"அது நியாயம் அண்ணி" என்றாள் லிபுவோ. "செத்திருந்தா பாத்திருக்காருன்னு அர்த்தம்."

அவர் அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. குவளையைத் தரையில் வைத்துவிட்டு, மெய்யான வியப்போடு சொன்னார்: "ஆனா ஒண்ணு சொல்லணும், லிம்போ அம்மா. அவளுக்கு மூளை."

போர்வை திறந்ததைக்கூட நான் பொறுத்திருப்பேன் என்று நினைக்கிறேன். அவர் தூரத்துச் சுரங்கத்தில் வேலை பார்த்த காலம் முழுக்க இந்த வீட்டுக்கு மூளை நான்தான். ஆடு விற்றதும், கூரை மாற்றியதும், எங்கள் பிள்ளை லிம்போவைத் தலைநகரில் பள்ளிக்கூடத்தில் சேர்த்ததும், சுரங்கம் மூடி அவர் இருமலோடு திரும்பியபோது கையில் வந்த பணத்தில் மாடு வாங்கலாம் என்றவரை ஜீப் வாங்க வைத்ததும் நான். ஒரு நாளாவது, ஒரு தடவையாவது, "அவளுக்கு மூளை" என்று என்னைப் பற்றி யாரிடமாவது சொல்லியிருப்பாரா? ஒரு ஊசியைக் குத்தியவளுக்கு அது கிடைத்துவிட்டது.

சாப்பாட்டு மேஜை மேல், டீத்தூள் டப்பாவுக்கு அடியில், ஒரு கடிதம் இருந்தது. கம்பளிக் கொட்டகைச் சங்கத்திலிருந்து வியாழக்கிழமை வந்தது. இந்தக் கத்தரிப்புப் பருவம் முழுவதற்கும் எருதை வாடகைக்கு எடுக்க விரும்புகிறார்கள். வாரத்தில் மூன்று நாள், மலை ஊர்களிலிருந்து கம்பளி மூட்டை ஏற்றிவர, கூடவே தரம் பிரிப்பவரை அழைத்துப் போய்வர. பதில் சனிக்கிழமை பகல் பேருந்தில் வந்து சேர வேண்டும், இல்லையென்றால் வேறு வண்டி பார்த்துக்கொள்வார்கள். கீழே சங்கத்துக்காகக் கையெழுத்துப் போட்டிருந்தவள் தெபெல்லோ. வியாழக்கிழமை அந்தக் கடிதத்தைப் படித்து நான் மகிழ்ச்சியில் லிபுவோவுக்கு ஒரு கோழி கொடுத்திருந்தேன்.

எங்கள் வீட்டில் கடிதம் எழுதுவது நான். சரி என்று எழுதுவதும் இல்லை என்று எழுதுவதும் என் பேனாதான். அந்த நிமிஷம் என் மனதில் பதில் முழுதாகத் தயாராக இருந்தது: மதிப்பிற்குரிய சங்கத்தாருக்கு, தங்கள் கோரிக்கையை ஏற்க இயலாத நிலைக்கு வருந்துகிறோம்.

"சுவிட்ச எடுங்க" என்றேன். "நான் மாட்டறேன்."

"திங்கக்கிழமை..."

"எடுங்க."

பேட்டரிக் கம்பி ஏற்கெனவே கழன்றுதான் இருந்தது. பழைய சுவிட்சின் லாக் நட்டைத் தளர்த்தினேன். மண்ணும் எண்ணெயும் சேர்ந்து கல்லாகியிருந்தது. ஸ்பேனரை இரண்டு கையாலும் பிடித்து, ஏதோ ஒரு பெயரை மனதில் சொல்லிக்கொண்டு இழுத்ததும் விட்டது. பழையதைச் சுழற்றி வெளியே எடுத்தேன். அதன் குமிழ் உள்ளேயே சிக்கி நின்றிருந்தது. ஒயரில் ஊசி துளைத்த இடங்களுக்கு ரப்பர் நாடா சுற்றினேன், தேவைக்கு இரண்டு மடங்கு. புதியதை மரையில் ஏற்றி, ஒயர்களைச் சொருகினேன். லிபுவோ வண்டிக்குப் பின்னால் போய் நின்றாள். அவர் பேட்டரியை மாட்டினார்.

"எரியுது அண்ணி!"

குமிழ் இன்னும் தண்டைத் தொடவில்லை, எரியத்தான் செய்யும். சுவிட்சை ஒரு சுற்று உள்ளே திருப்பினேன்.

"எரியுது."

இன்னொரு சுற்று.

"அணைஞ்சிருச்சு!"

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் அந்த விளக்கு இனி தானாக ஒரு தடவையும் எரியக்கூடாது என்று எனக்கு இருந்தது. இன்னும் ஒரு சுற்று. அதற்கு மேல் ஒன்று. குமிழ் முழுக்க உள்ளே போய், குழாயே தண்டில் முட்டி நிற்கிறவரை திருப்பினேன். லாக் நட்டை இறுக்கினேன்.

"மிதிங்க."

"எரியுது. விட்டா அணையுது. அண்ணி, நீங்க மெக்கானிக் ஆயிட்டீங்க. அந்தாளு இழவு வீட்டுலேயே இருந்துக்கட்டும்."

அவர் எருதைக் கிளப்பி, கடைத்தெரு சரிவு வரை போய்வரப் போனார். நான் முற்றத்தில் கை கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பி வரும்போதே எருதின் குரல் மாறியிருந்தது. சமதளத்தில் ஏற்றத்தில் போவது போல முனகிக்கொண்டு வந்தது. நின்றதும் முன் சக்கரத்திலிருந்து கருகல் வாடை. லிபுவோ சக்கரத்தில் எச்சில் தொட்டு வைத்தாள், சுர்ரென்றது.

"பிரேக் பிடிச்சிட்டே இருக்கு" என்றார் அவர். கோபமில்லாமல்தான் சொன்னார். "நீ சுவிட்ச ரொம்ப உள்ள தள்ளிட்ட. அது பெடல அமுக்குது. பெடல் மேல வரவே விட மாட்டேங்குது. இதோட கணவாய் இறங்கினா பாதி வழில பிரேக் எண்ணெய் கொதிச்சிரும். அப்பறம் மிதிச்சாலும் நிக்காது."

"சுவிட்ச வெளிய எடுத்தா எரியுமே."

"கொஞ்சம் எடுத்தா எரியாது. நெறைய எடுத்தாதான் எரியும்."

"எவ்வளவு கொஞ்சம்?"

"கால் வச்சா தெரியும். பெடலுக்கு மேல கொஞ்சம் இடம் வேணும். சும்மா இருக்கறதுக்கு இடம்."

லிபுவோ ஸ்பேனரை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

மறுபடி உள்ளே புகுந்தேன். லாக் நட்டைத் தளர்த்தி, சுவிட்சைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே எடுத்தேன், லிபுவோ "எரியுது" என்கிறவரை. பிறகு அரைச் சுற்று உள்ளே. அணைந்தது. அவர் கதவுக்கு வெளியே நின்றபடி கையால் பெடலைத் தொட்டு அசைத்துப் பார்த்தார். அவர் கை என் முகத்துக்கு நேர் மேலே இருந்தது. பெடல் ஒரு சின்ன அசைவு அசைந்தது, அதன் பிறகுதான் பிரேக்கைத் தொட்டது.

"இதான்" என்றார். "இப்படியே இறுக்கு."

அந்த நேரத்தில், வாசலில் பூட்ஸ் சத்தம் கேட்டது.

"யாராவது இருக்கீங்களா? மொகெட்டே அண்ணே! அட, அக்கா காலு மட்டும் தெரியுது!"

குரலிலேயே தெரிந்தது. நான் அவசரப்படவில்லை. லாக் நட்டை முழுக்க இறுக்கி, ஸ்பேனரைத் துடைத்து வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

தெபெல்லோ பழுப்புப் போர்வையை மார்பில் ஒரு துண்டுக் கம்பியை முறுக்கி மூடியிருந்தாள். கம்பளி மூட்டை கட்டுகிற கம்பி.

"சந்தைக்கு வந்தேன் அக்கா. அப்படியே என் ஊசிய வாங்கிட்டுப் போகலாம்னு. அண்ணே சொல்லியிருப்பாரே!"

அண்ணே தானாக எதையும் சொல்லவில்லை என்பது அவர் முகத்தில் எழுதியிருந்தது. அவள் அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள், பிறகு சிரித்தாள். அவளுக்கு வெட்கமே இல்லை. அது எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். மறைக்க ஒன்றும் இல்லாதவள்தான் ஊசியைத் திருப்பிக் கேட்டு நேராக மனைவியிடம் வருவாள். ஆறுதலாக இல்லை. அவள் நின்ற விதம், கால் அகட்டி, இந்த முற்றம் எத்தனையோ காலமாகத் தெரிந்தது போல நின்றது, எனக்குப் பிடிக்கவில்லை.

ஊசியைக் கொடுத்தேன். "வளைஞ்சிருக்கு."

"நிமித்திக்கலாம் அக்கா. உசிரக் காப்பாத்தின ஊசி." கம்பியை அவிழ்த்து, என் முன்னாலேயே போர்வையைக் குத்திக்கொண்டாள். "அன்னிக்கு இவரு அழாத குறை. 'உரிமம் போச்சு, லிம்போ அம்மாகிட்ட என்ன சொல்றது'ன்னு ஒரே பொலம்பல். சாவடி தாண்டினதும் பாருங்க, பாட்டு! கீழ வர வரைக்கும் பாட்டு. என்ன குரலு அக்கா! நீங்க குடுத்து வச்சவங்க."

நான் லிபுவோவைப் பார்த்தேன். லிபுவோ மொகெட்டேயைப் பார்த்தாள். "அண்ணா பாடுவாரா?"

"சும்மா முணுமுணுத்தேன்" என்றார் அவர்.

"முணுமுணுப்பா? பின் பெஞ்சுல இருந்த ஆட்டுக்காரங்க எதிர்ப்பாட்டு எடுத்தாங்க!"

சுரங்கத்துக்குப் போவதற்கு முன்னால் அவர் பாடுவார். போன பிறகு அவர் பாடி நான் கேட்டதில்லை. நெஞ்சில் தூசி புகுந்துவிட்டது, பாட்டு போய்விட்டது என்று நினைத்து, நான் அவரிடம் ஒருநாளும் கேட்கவும் இல்லை. போகவில்லையாம். ஜீப்பின் முன்சீட்டில் இருந்திருக்கிறது. அதில் உட்கார்ந்தவளுக்குக் கிடைத்திருக்கிறது.

"சங்கத்துக் கடிதத்துக்குப் பதில் ரெடியா அக்கா?" என்றாள் தெபெல்லோ. "கைல குடுத்தீங்கன்னா நானே கொண்டு போயிடுவேன்."

"பதில் தபால்ல வரும்."

"நான் இங்கதானே நிக்கறேன்."

"கடிதம் போட்டுக் கேட்டது சங்கம். பதில் கடிதமாச் சங்கத்துக்குப் போகும். பகல் பஸ்ஸுல."

"அந்த பஸ்ஸுலதான் அக்கா நானும் போறேன்!"

"நல்லது. ரெண்டும் பத்திரமாப் போய்ச் சேரும்."

அவள் வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே போனாள். தெரு முனை திரும்பும்வரை கேட்டது.

நான் உள்ளே போய் மேஜையில் உட்கார்ந்தேன். தாளை எடுத்தேன். அவர் கதவருகே வந்து, நிலையில் தோளைச் சாய்த்து நின்றார். லிபுவோ அவர் கைக்கு அடியில் தலையை நுழைத்து எட்டிப் பார்த்தாள்.

"என்ன எழுதப் போற?" என்றார்.

"என்ன எழுதணும்?"

"உனக்கு எது மனசுக்குச் சரியோ அது." பிறகு சொன்னார்: "இல்லன்னு எழுதினாலும் சரிதான். வடக்கே ஒரு சுரங்கத்துல பழைய ஆளுங்களத் திரும்ப எடுக்கறாங்களாம். பேரு குடுத்து வைக்கறேன். டயருக்கும் லிம்போ படிப்புக்கும் ஏதாவது வேணுமில்ல?"

மிரட்டலாகச் சொல்லவில்லை. அவருக்கு மிரட்டத் தெரியாது. வண்டிக்கு டீசல் போட வேண்டும் என்பதைப் போலச் சொன்னார்.

சுரங்கத்தை எனக்குத் தெரியும். அங்கே அவர் யார் பக்கத்தில் உட்கார்ந்தார், யார் சொன்னதற்குச் சிரித்தார், யாருக்கு மூளை என்றார், எதுவும் எனக்குத் தெரியாமலே இருந்தது. நான் பக்கம் பக்கமாக எழுதிய கடிதங்களுக்கு, "நலம், பணம் அனுப்பியிருக்கிறேன்" என்று பதில் வரும். அங்கே கேட்டால் சொல்ல ஒரு லிபுவோ இல்லை. கழற்றிப் பார்க்க ஒரு சுவிட்ச் இல்லை. அந்த இருமலோடு மறுபடி மண்ணுக்குள் இறங்குவார். இங்கே குறைந்தபட்சம் எனக்கு முன்சீட் எது என்று தெரியும்.

பேனாவைத் திறந்தேன். மதிப்பிற்குரிய சங்கத்தாருக்கு என்று எழுதினேன். பிறகு நிறுத்தாமல் எழுதினேன், எழுதி முடித்து உரக்கப் படித்தேன், செயலாளர்கள் படிப்பது போல.

"தங்கள் கோரிக்கையைக் கீழ்க்கண்ட நிபந்தனைகளுடன் ஏற்கிறோம். ஒன்று: திங்கள், புதன், வெள்ளி ஆகிய நாட்களில் வண்டி கொட்டகைக்கு வரும். இரண்டு: டீசல் சங்கத்தின் பொறுப்பு. மூன்று: ஓட்டுநருக்கு இடப்புறமுள்ள முன் இருக்கை இந்த வாடகையில் சேராது. அது வண்டியின் செயலாளருக்கு உரியது. சங்கத்தின் ஊழியர்கள் பின் பெஞ்சில் கம்பளி மூட்டைகளுடன் பயணம் செய்யலாம். மூட்டைகள் மெத்தென்று இருக்கும்."

"வண்டிக்குச் செயலாளரா?" என்றார் அவர். "யாரு?"

"அண்ணா, நீ இன்னும் குவளையிலேயே இருக்க" என்றாள் லிபுவோ.

அவருக்குப் புரிந்ததும் நிமிர்ந்தார். "நீயா? வாரம் மூணு நாளா? இறக்கத்துல உனக்கு வாந்தி வருமே! போன தடவ மூணாவது வளைவுலயே..."

"வரட்டும். ஒரு வாளி எடுத்துக்கறேன்."

"உன் ஈமச்சடங்குச் சங்க வேலை?"

"மடில வச்சு எழுதிக்கறேன்."

"மூணாவது நிபந்தனைய அவ படிச்சா சிரிப்பா."

"சிரிக்கட்டும். பின்னாடி உக்காந்து சிரிக்கட்டும்."

அவர் என்னைப் பார்த்தார். பெடலை அசைத்துப் பார்த்த அதே கவனத்தோடு பார்த்தார். பிறகு, எனக்கு எந்தப் பாராட்டும் சொல்லாமல், மூளை என்ற சொல்லே வாயில் வராமல், தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "பஸ் வந்திருக்கும், கிளம்பு, நான் கொண்டு விடறேன்" என்றார்.

கடைத்தெரு வரை எருதில் போனோம். நான் முன்சீட்டில். வேறு யாரும் இல்லை. அவர் வளைவில் பிரேக்கை மிதித்தபோது நான் திரும்பி, பின்கண்ணாடி வழியாக, ஒரு தகரச் சுவரில் சிவப்பு விழுவதையும், காலை எடுத்ததும் அது போவதையும் பார்த்தேன். அவர் பாடவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டு வாங்குகிற பொருள் அல்ல அது.

பேருந்து மரத்தடியில் நின்றிருந்தது. ஓட்டுநர் கூரை மேல் தீவன மூட்டை கட்டிக்கொண்டிருந்தார். மூன்றாவது ஜன்னலில் தெபெல்லோ, மடியில் முட்டைக்கோஸோடு. பச்சை மணிகள் மார்பில் பளிச்சென்று இருந்தன. என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள், ஜன்னல் வழியாக, கடிதத்துக்கு.

நான் முகவரியை ஒரு தடவை சரிபார்த்தேன். தாளை மூன்றாக மடித்து உறையில் இட்டேன். உறையின் பசையை நாக்கால் ஈரமாக்கி, பேருந்தின் பக்கத் தகட்டில் வைத்து, உள்ளங்கையால் அழுத்தித் தேய்த்து ஒட்டினேன். ஓரத்தில் ஒட்டாமல் நின்ற மூலையை இன்னொரு தடவை அழுத்தினேன். பிறகு, நீட்டிய அந்தக் கையைக் கடந்து போய், ஏணியிலிருந்து இறங்கிய ஓட்டுநரிடம் கொடுத்தேன். அவர் அதை மற்றக் கடிதங்களோடு தோல்பையில் போட்டு, வாரை இழுத்து மாட்டி, பையைத் தன் இருக்கைக்கு அடியில் தள்ளிவிட்டு, வண்டியைக் கிளப்பினார்.